பெட்ரோல் தொட்டிக்குள் தண்ணீர்

மாரியம்மன் துணை

கிள்ளான்
தாது வருஷம் ஆவணி மாதம் 15-ந் தேதி, ஞாயிறு

சிரஞ்சீவி தம்புசாமிக்கு உன் அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் அம்மன் தயவில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ ரங்கூனில் நலமாக இருக்கிறாய் என்று கப்பலில் சமையல் வேலை பார்க்கும் நம் பக்கத்து வீட்டுக் கன்னையா வந்து சொன்னான், ஆனால் கன்னையா சொல்வதில் பாதியைத்தான் நான் எடுத்துக்கொள்வது வழக்கம் என்று உனக்குத் தெரியும், அதனால் பாதி நலமாவது இருப்பாய் என்று வைத்துக்கொண்டேன். நீ அங்கே ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்ப்பதாகவும் உன் விலாசம் இதுதான் என்றும் அவன்தான் எழுதிக் கொடுத்தான். கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பச் சொன்னாள் உன் அம்மா, கொடுத்தால் கப்பல் பினாங்கு தாண்டுவதற்குள் பிரித்துப் படித்துவிடுவான், அதனால் தபாலில் போடுகிறேன். உறையைச் சோற்றுப்பசை வைத்து இரண்டு தரம் ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் குறுக்கே மூன்று கோடு கிழித்திருக்கிறேன், கோடு ஒன்றோடொன்று சேராமல் இருந்தால் யாரோ கை வைத்தார்கள் என்று தெரிந்துகொள். மூன்று வருஷமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்கப்போவதில்லை, கார் ஸ்டாண்டில் பத்துப் பேர் பார்க்க உன்னை அடித்தவன் நான், பெட்ரோலைத் திருடி விற்றுவிட்டுத் தொட்டியில் தண்ணீரை ஊற்றினாய் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னவனும் நான். அந்த விஷயமாகத்தான் இந்தக் கடிதம். கோபத்தில் நடுவில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

முதலில் வீட்டுச் சேதி. உன் தங்கை தங்கமணி கல்யாணமாகிச் செமினியில் இருக்கிறாள், ஒரு பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகிறது, உன் மூக்கு. மாப்பிள்ளை நல்லவர்தான், இருந்தாலும் வீட்டுக்கு வந்தால் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார், அவ்வளவு சிரிப்புக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி வாய்க்கு ஒன்றும் குறைவில்லை என்று எழுத ஆசை, ஆனால் நீ போன நாள் முதல் போன வாரம் வரை அவள் என்னோடு நேராகப் பேசவில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். அரிசி இல்லை என்று மூன்று வருஷமாகச் சுவரிடம்தான் சொல்லி வந்தாள், நானும் சுவருக்குப் பதில் சொல்லிக்கொண்டு பாசாருக்குப் போய் வந்தேன். நம் வாடகைக் கார் அதே கார்தான், மாற்றவில்லை. வெளிச்சாயம் போய்விட்டது, எஞ்சினுக்குக் குறையில்லை. நீ இருந்தபோது செய்தது போலவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் அதைக் கழுவி, நடுவில் முன் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற பெட்ரோல் தொட்டி மூடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றி, கோயிலிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் தண்ணீர் ஒரு சொம்பு அதன் உச்சியில் ஊற்றி, கற்பூரம் காட்டி வந்தேன். பெட்ரோல் இருக்கிற இடம்தானே அதற்கு உயிர் இருக்கிற இடம். இதை வேறு யார் கையிலும் நான் விட்டதில்லை.

நீ போன பிறகு ராதாகிருஷ்ணன் என்று ஒருவனை டிரைவராக வைத்தேன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வண்டி பழையபடி வழியில் இருமி இருமி நிற்க ஆரம்பித்தது. கார்புரேட்டருக்கு முன்னால் பெட்ரோல் அழுக்கு வந்து தங்குகிற கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் தண்ணீர். நீ அன்றைக்குக் காட்டினாயே, அதே மாதிரி மேலே பெட்ரோல், கீழே கோடு போட்டது போலப் பிரிந்து கலங்கின தண்ணீர், அதற்கும் அடியில் மஞ்சளாக ஒரு வண்டல். ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றியிருக்கிறான், அதுதான் சேறு என்று அவனையும் விரட்டினேன். அவன் உன் சிநேகிதன் என்று பிறகு தெரிந்தது, ஆக உன்னிடம் பழகின தொழில் என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு வந்தவன் லெஸ்லி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பையன், அப்பா ரயில்வேயில் இருந்து இறந்தவர், இவனும் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்த்தவன், வேதக்காரன். அதிகம் பேச மாட்டான். பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்பதுதானே என் எண்ணம், அதனால் வந்த அன்றே ஒரு கண் வைத்தேன். அவன் வந்து மூன்றாம் வாரம் வண்டி நின்றது, கிண்ணத்தில் தண்ணீர். நீ, ராதாகிருஷ்ணன், லெஸ்லி, ஆக மூன்று பேர். மூன்று பேரும் எப்படி ஒரே மாதிரித் திருடுவார்கள் என்று வேறொருவனாக இருந்தால் யோசித்திருப்பான். நான் மூன்று பேருக்கும் கூட்டு என்று யோசித்தேன்.

நான் என்னென்ன செய்தேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய், சிரி, பரவாயில்லை. ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு கீறி, ராத்திரி வண்டியை விடும்போது ஒரு தரமும் காலையில் எடுக்கும்போது ஒரு தரமும் தொட்டியில் விட்டு அளந்தேன். லெஸ்லி வீட்டுக்குப் போகுமுன் அவன் கையை வாங்கி மோந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை அடித்தது, பெட்ரோல் வண்டி ஓட்டுகிறவன் கையில் வேறென்ன அடிக்கும் என்று அப்போது தோன்றவில்லை. ஒரு நாள் அவனிடம் சொல்லாமல் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போய் அவன் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவன் தாயார் டொரத்தி என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள், அவர்கள் முதலில் ஒரு வாய் குடிக்கிற வரை நான் தொடவில்லை. அந்த அம்மாளும் அதைக் கவனித்துவிட்டார்கள் போலிருக்கிறது, என் கோப்பையிலிருந்தே கொஞ்சம் தன் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு, என் மகன் பொய் சொல்ல மாட்டான் ஐயா, சொல்லத் தெரியாததால் சும்மா இருப்பான், என்றார்கள். தாய் அப்படித்தான் சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். உன் அம்மாவும் அதையேதான் சுவரிடம் சொல்லி வந்தாள்.

பிறகு பெட்ரோல் விற்கிறவன் மேல் சந்தேகம் வந்தது. கடையை மாற்றினேன், டின்னைச் சீல் உடைக்காமல் வாங்கி வந்து என் கண் முன்னால் வெட்டச் சொன்னேன், புனலில் பதப்படுத்தின ஆட்டுத்தோல் போட்டு நானே வடிகட்டி ஊற்றினேன். உனக்குத் தெரியும், அந்தத் தோலை ஒரு தரம் பெட்ரோலில் நனைத்துவிட்டால் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தோல் மேல் நிற்கவில்லை. பெட்ரோல் சுத்தம். அப்படியானால் ஊற்றின பிறகுதான் எவனோ மூடியைத் திறக்கிறான். மூடியைச் சுற்றி வெள்ளை நூல் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி விட்டு, என் கட்டைவிரலை அழுத்தி வைத்தேன். பெட்ரோல் போடும்போது மட்டும் நான் உடைப்பேன், உடனே மறுபடி வைப்பேன். லெஸ்லி அதைப் பார்த்தான், அவன் காது சிவந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், மாட்டிக்கொண்டான் என்று.

நேற்றுப் போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை மேரு ஊருக்கு ஒரு சவாரி. நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். சவாரிக்காரரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ரப்பர் மரங்களுக்கு நடுவில், வீடு வாசல் ஒன்றுமில்லாத இடத்தில், வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. இறங்கி முதலில் மூடியைப் பார்த்தேன். நூல் அறுபடவில்லை, அரக்கில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. லெஸ்லி குழாயை அடைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தான். பாதிக்கு மேல் தண்ணீர். என் முத்திரை உடையவில்லை, என் தோலில் வடிகட்டின பெட்ரோல், அப்புறம் எப்படி வந்தது இது, குழாயில் துளை போட்டாயா, எங்கே மறைத்து வைத்திருக்கிறாய் என்று கத்தினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீயும் அன்று அப்படித்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, தெரியல அப்பா, தெரியல அப்பா என்று நின்றாய். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது, கையை ஓங்கிவிட்டேன். அவன் பின்வாங்கவில்லை. ஐயா, அடிக்கிறதுன்னா அடிங்க, ஆனா வெள்ளிக்கெழம நீங்க மூடி மேல ஊத்துற தண்ணி எங்க போவுதுன்னு மட்டும் சொல்லிட்டு அடிங்க, என்றான்.

ஓங்கின கை அப்படியே நின்றது. எங்கே போகும், வழிந்து கீழே போகும் என்றேன். எல்லாம் போவுதா ஐயா, என்றான். அப்புறம் நூலை அறுத்து மூடியைக் கழற்றி, அதைத் தன் தகரக் குவளையின் வாயில் வைத்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை மெதுவாக அதன் உச்சியில் ஊற்றினான், நான் வெள்ளிக்கிழமை ஊற்றுகிற மாதிரியே. மூடியை எடுத்தான். குவளைக்குள் தண்ணீர். மூடியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை இருக்கிறது, பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று உள்ளே போக வேண்டும் என்று வைத்த துளை. நான் விடவில்லை, அந்தத் துளையை நீயே போட்டிருப்பாய் என்றேன். ஸ்டாண்டுக்கு வந்ததும் இதே மாதிரிக் கார் வைத்திருக்கிற ரெண்டு பேரிடம் மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன், இரண்டிலும் அதே இடத்தில் அதே துளை. கிண்ணத்திலிருந்த தண்ணீரை லெஸ்லி ஒரு பீங்கான் தட்டில் விட்டு வெயிலில் வைத்தான். அது காய்ந்த பிறகு அடியில் நின்ற வண்டலை விரலில் தொட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினான். சேறு என்று மூன்று வருஷமாக நான் சொன்னது மஞ்சள், தம்பு. நம் வீட்டு மஞ்சள். காவல் வைத்த முத்திரை மேலேயே வாரா வாரம் நானே ஊற்றியிருக்கிறேன்.

இத்தனை மாதம் ஏன்டா வாயைத் திறக்கவில்லை என்று லெஸ்லியைக் கேட்டேன். ரெண்டாம் மாசமே எனக்குச் சந்தேகம் ஐயா, ஆனா நான் வேதக்காரன், உங்க சாமி காரியத்தக் கொற சொன்னா நல்லா இருக்குமா லா, என் வேலை போனாலும் பரவால்லன்னு சும்மா இருந்தேன், என்றான். அதனால் வாரத்துக்கு மூன்று தரம் எனக்குத் தெரியாமல் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து வைத்திருக்கிறான், அதனால்தான் வண்டி உன் காலத்தை விடக் குறைவாக நின்றிருக்கிறது. அவன் மறைவாகக் குனிந்து என்னவோ செய்கிறான் என்று நான் தென்னை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தது அதைத்தான்.

வீட்டுக்கு வந்து என் பெட்டியைத் திறந்தேன். நீ போன பிறகு உன் டிரங்குப் பெட்டியில் வருஷம் முழுவதையும் ஒரே தாளில் அச்சடித்த காலண்டர் ஒன்று இருந்தது, அதில் தேதிகளைச் சுற்றி நீ பென்சிலால் வட்டம் போட்டிருந்தாய். பெட்ரோல் விற்ற நாட்களைக் குறித்து வைத்திருக்கிறான் என்று அதை நான் சாட்சியாகப் பூட்டி வைத்திருந்தேன், நீ என்றைக்காவது வந்து வாதாடினால் முகத்தில் எறியலாம் என்று. சனிக்கிழமை அதை வெளியே எடுத்து மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பதினோரு வட்டம். பத்து வட்டம் சனிக்கிழமை. வண்டி நின்ற நாட்களைக் குறித்துக்கொண்டு காரணம் தேடிக்கொண்டிருந்திருக்கிறாய் நீ. மிச்சமிருந்த ஒரு வட்டம் ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீமுக வருஷம் வைகாசியில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. பந்திங் பக்கம் தோட்டத்துக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போன நாள். மாப்பிள்ளை ஏறுகிற கார் என்று அன்று காலையில் ஒன்றுக்கு இரண்டு சொம்பாக ஊற்றினேன். வழியில் வண்டி நின்று, நீ கிண்ணத்தைக் கழற்றிக் கழற்றி ஊற்றி, அது மறுபடி மறுபடி நிரம்பி, கடைசியில் மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு தேங்காய் லோரியில் ஏறிப் போய் இறங்குவதற்குள் முகூர்த்தம் தாண்டிவிட்டது. அவர்கள் சாயங்காலம் வேறு முகூர்த்தம் பார்த்துத் தாலி கட்டி இப்போது இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஊர் முன்னால் தலை குனிந்துவிட்டதே என்று ஸ்டாண்டுக்கு வந்து நான் உன்னை அடித்தேன், நீ மறுநாள் இல்லை.

உன் அம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரை அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு மூன்று வருஷத்தில் முதல் தரமாகத் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் மைக்கூட்டையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள். இத அவனுக்கு எழுதுங்க, அப்புறம் பாக்கலாம், என்றாள். எட்டு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன், எட்டு நாளும் தட்டு வைக்குமுன் மைக்கூடு வருகிறது. ஸ்டாண்டிலும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலையில், உன்னை அடித்த அதே மரத்தடியில் நின்று, என் மகன் திருடவில்லை, ராதாகிருஷ்ணனும் திருடவில்லை, தண்ணீர் ஊற்றினது நான்தான் என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்தார்கள். மூணு வருசமா காருக்குத் தீர்த்தம் குடுத்திருக்காரு லா, மோட்சத்துக்கே போவும், என்று ஒருவன் சொன்னான். சொல்லிவிட்டுப் போகட்டும். ராதாகிருஷ்ணன் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன், அவன் கதவைத் திறந்தான், உள்ளே கூப்பிடவில்லை, அது நியாயம்தான். வெள்ளிக்கிழமை பூஜை நிற்கவில்லை. இப்போது சந்தனம் மூடிக்கு, தண்ணீர் நாலு சக்கரத்துக்கு. அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று முதலில் பயந்தேன், போன வெள்ளிக்குப் பிறகு வண்டி ஒரு தரம்கூட இருமவில்லை.

நீ அங்கே பட்டறையில் இருப்பதால் உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ரங்கூனில் மழை அதிகம் என்கிறார்கள், எந்த வண்டி வந்தாலும் முதலில் மூடியைப் பார். கண்ணாடிக் கிண்ணத்தை வாரம் ஒரு தரம் கழற்று, அதன் மேல் இருக்கிற கம்பிச் சல்லடையைப் பெட்ரோலிலேயே அலசு, துணியால் துடைக்காதே, நூல் பிரிந்து அடைத்துக்கொள்ளும். கார்க் வளையம் காய்ந்திருந்தால் மாற்று, திருகாணியை வெறி பிடித்தது போல முறுக்காதே, கண்ணாடி விரிசல் விட்டுவிடும். பக்கத்தில் யாராவது சுருட்டு பிடித்தால் வேலையை நிறுத்து. உன் கூட வேலை செய்கிறவர்களை ரொம்ப நம்பாதே என்று எழுதிவிட்டு, கோடு கிழித்து அடித்துவிட்டேன், அடித்த இடம் தாளில் உனக்குத் தெரியும். அந்த வரியை எடுத்துக்கொள்ளாதே.

காலண்டர் தாளை இதோடு வைத்திருக்கிறேன், அது உன்னுடையது. பதினோரு வட்டத்தோடு எண்ணிப் பார்த்துக்கொள், குறைந்தால் தபாலில்தான் ஏதோ நடந்திருக்கிறது. உன் கையெழுத்து எனக்குத் தெரியும், வருவதானாலும் வராவிட்டாலும் நீயே ஒரு வரி எழுது, கன்னையா மூலமாகச் சொல்லி அனுப்பாதே. வருவதானால் தீபாவளிக்கு முன் கப்பலில் பினாங்கு வந்து அங்கிருந்து ரயில் பிடி. கோலாலம்பூர் ஸ்டேஷனில் காரோடு நான் நிற்பேன். லெஸ்லி காரை அங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போவான், திரும்பும்போதும் கூட வருவதாகச் சொன்னான், வேண்டாம், நீ ஓட்டுவாய் என்று சொல்லியிருக்கிறேன். அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீ தொட்டது துலங்கட்டும், பசித்த நேரத்துக்குச் சாப்பிடு. வீடு வந்து சேரும் வரை வண்டி நிற்காது என்றுதான் நினைக்கிறேன். நின்றுவிட்டால் நீ இறங்க வேண்டாம், எதையும் கழற்றிக் காட்டவும் வேண்டாம், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திரு, நான் தள்ளுகிறேன்.

அதே கையால் எழுதும் உன் அப்பா,
ரெங்கசாமி